விளக்கெண்ணெய் பூசிய கடல்சட்டை

எங்கள் தெரு மூக்கம்மாள் ஒரு முழு ஆளைத் தலை தனி, நெஞ்சு தனி, கால் தனியாகக் கழற்றி, வெற்றிலைக் கூடைகளில் அடைத்து, வாழைநாரால் கட்டி, இரண்டு பொதிமாடுகளில் ஏற்றி மேகமலைக்கு அனுப்பினாள். மேலே கொண்டுபோய் அவனைத் திரும்பப் பூட்டினார்கள். அவன் எழுந்து நின்றான். நடந்தான். பனைமர ஆழத் தண்ணீருக்குள் இறங்கி, சாவகாசமாக மூச்சு விட்டுக்கொண்டு உலாத்திவிட்டுக் கரையேறினான். இதை நம்பாதவர்களுக்கு நான் பச்சைத்தண்ணீர்கூடக் கொடுப்பதில்லை.

நடந்தது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தெட்டு, ஐப்பசி. அப்போது சின்னமனூருக்கும் மேகமலைக்கும் தபால் பையைச் சுமந்து நடப்பது என் வேலை. அந்த வருஷத்து மழை எப்படிப்பட்டதென்றால், குடையை மடக்கினால் உள்ளிருந்து கெண்டை துள்ளி விழும். மலைப்பாதை அட்டைகள் கடித்துக் கடித்துச் சலித்துப்போய், ஆள் வருவதைக் கண்டால் மறுபக்கம் திரும்பிக்கொண்டன.

மேலே ஒரு எஸ்டேட்டில் துரை குளம் ஒன்று வெட்டியிருந்தார். அதன் மடை அடைத்துக்கொண்டது. தண்ணீர் கரைமட்டத்துக்கு ஏறி நின்றது. கரைக்குக் கீழே கூலியாட்களின் லைன் வீடுகள். மடைக்குள் என்ன சிக்கியிருக்கிறது என்று பார்க்கத் தூத்துக்குடித் துறைமுகத்திலிருந்து முக்குளிக்கிற ஆள் ஒருவரை வரவழைத்தார்கள். பலவேசம் என்று பெயர். கருங்காலிக் கட்டை மாதிரி உடம்பு, நாக்கு அதைவிடக் கடினம். அவரோடு அவர் சாமான்கள் ரயிலில் தேனிக்கு வந்து, அங்கிருந்து வண்டியில் சின்னமனூருக்கு வந்து, பொதிமாட்டுக்கார ராக்கையாவின் வாசலில் இறங்கின. இரண்டு தேக்குப் பெட்டிகள். ஒவ்வொன்றும் கல்யாணப்பெண் உட்கார்ந்து போகிற அளவு. காற்றடிக்கிற பம்பு தனி; அதை எட்டுப் பேர் கழியில் தூக்கிப்போவதாக ஏற்பாடு.

ராக்கையாவுக்கு இருந்தது மயிலை ஒன்று, செவலை ஒன்று. எஸ்டேட்டுக்கு அரிசி ஏற்றிப்போய் ஏலக்காய் இறக்கி வருவான். அந்த வீட்டில் உலை கொதித்ததெல்லாம் அந்த எட்டுக் கால்களால்தான். அவன் பெட்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தான். வாயிலிருந்த வெற்றிலையைத் துப்பினான்.

"பெட்டியப் பிரிக்கணும் சாமி. இந்த அகலத்துக்குப் பாதை கெடையாது. மாட்டுக்கு ரெண்டு பக்கமும் இது பொடச்சுக்கிட்டு நின்னா, மொத வளைவுலயே பாறையில இடிச்சு மாடும் பெட்டியும் பள்ளத்துக்குள்ள போயிரும்."

"பிரிக்கதுக்கா தூத்துக்குடியிலயிருந்து பூட்டுப் போட்டுக் கொண்டாந்தேன்? ஒம்ம மாட்டச் சின்னதாக்கும் வே."

"மாட்டச் சின்னதாக்க முடியாது. நீங்க வேணாத் தலையில வச்சுக் கொண்டாங்க."

"நான் தலையில வைக்கதுதான் அதுக்குள்ள இருக்கு, கோட்டிக்காரா."

சொல்லிவிட்டுப் பலவேசம் பூட்டைத் திறந்தார். உள்ளேயிருந்து ஒரு செம்புத் தலையைத் தூக்கினார். மூன்று கண்ணாடிக் கண்கள், மூக்கில்லை, வாயில்லை. அண்டாவுக்கு உயிர் வந்தால் அப்படித்தான் முறைக்கும். தெருவில் நின்ற பிள்ளைகள் ஓடிய ஓட்டத்தில் இரண்டு பேர் உத்தமபாளையம் போய்த்தான் நின்றதாகக் கேள்வி.

பக்கத்து வீட்டு வாசலில் ராக்கையாவின் அக்கா அக்கம்மாள் சோளம் புடைத்துக்கொண்டிருந்தாள். தம்பி பெண்டாட்டி மூக்கம்மாளோடு அவளுக்குப் பதினோரு வருஷப் பகை. கல்யாணமாகி வந்த முதல் நாள் மூக்கம்மாள் வைத்த மொச்சைக் குழம்பில் உப்பு அதிகம் என்பதில் தொடங்கியது; குழம்பு தீர்ந்தது, அது தீரவில்லை. ஆனால் இருவரும் ஒரே வெற்றிலைக் கிட்டங்கியில், ஒரே வரிசையில் உட்கார்ந்து கூடை கட்டுகிறவர்கள்.

"நல்ல நாள்லயே அந்த வீடு வெளங்காது," என்றாள் அக்கம்மாள், சுளகைப் பார்த்துக்கொண்டு. "இப்பத் தலை வேற வந்திருச்சு. முண்டம் எப்ப வருமாம்?"

"முண்டமும் வந்திருக்கு மதினி," என்றாள் மூக்கம்மாள். "ஒங்கள மாதிரியே வாயில்லாத சாதுவா இருக்கு."

பலவேசத்துக்கு இதெல்லாம் காதில் ஏறவில்லை. பெட்டி போகாது என்பது மட்டும் ஏறியிருந்தது. சட்டையை வெளியே எடுத்தார். பாதம் முதல் கழுத்து வரை ஒரே துணி. இரண்டு கித்தானுக்கு நடுவே ரப்பர் வைத்துத் தைத்தது. கழுத்திலும் மணிக்கட்டிலும் வெறும் ரப்பர். பிறகு காற்றுக் குழாய், மலைப்பாம்பு நீளம். ஈய அடி போட்ட செருப்பு. ஒன்றைத் தூக்கினால் தோள்பட்டை இறங்கும்.

"சரி, இதக் கூடையில யாரு கெட்டுதது?"

"நாந்தான்," என்றாள் மூக்கம்மாள்.

"பொம்பளையா?"

"வெத்தல என்ன ஆம்பளையா? அதக் கட்டலயா?"

பலவேசம் விரல் மடக்கினார். "தலையத் தரையில வைக்கப்படாது. கண்ணாடியில கீறல் விழப்படாது. டிரெஸ்ஸ மடிச்ச எடத்துலயே மறுக்க மடிக்கப்படாது. வெயில் ஆவாது, அடுப்பு ஆவாது. காத்து ஓஸ்ஸ ஒடிச்சுச் சுருட்டப்படாது, பெரிய வட்டமாச் சுத்தணும். பித்தள மரையில மண்ணு பட்டுதோ, உம்ம கையத் தறிப்பேன். அங்க எறங்கப்போறது நான். அதுல ஊசித் தொளை விழுந்தா மேல வாறது என் பொணம். வெளங்குச்சா?"

"வெளங்குச்சு. இன்னும் ஏதாச்சும் உண்டா, இம்புட்டுத்தானா?"

"இம்புட்டுத்தான்."

அவர் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. தூத்துக்குடியில் அதைச் சொல்லத் தேவையே வந்ததில்லை. மறுநாள் விடியவும் எஸ்டேட் மட்டக்குதிரையில் ஏறி மேலே போய்விட்டார்.

மூக்கம்மாள் கட்டிய வெற்றிலைக் கட்டு வடக்கே போய்ப் பதினைந்து நாள் கழித்துப் பிரித்தாலும், இன்னும் கொடிக்காலில்தான் இருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு இலை துளிர்விடும். அப்படிப்பட்ட கை. கேப்பைக் களியை இரண்டு உருண்டை விழுங்கிவிட்டு உட்கார்ந்தாள். வெற்றிலைக்கு ஈரம் வேண்டும், இதற்கு ஆகாது. ஆகவே காய்ந்த வாழைச்சருகும் புது வைக்கோலும் மட்டும். வைக்கோலைப் புரியாகத் திரித்து, கூடைக்குள் குருவிக்கூடு மாதிரிச் சுற்றிச் சுற்றி இறக்கினாள். செம்புத் தலையின் வயிற்றுக்குள் சருகைத் திணித்தாள். கண்ணாடி ஒவ்வொன்றின் மேலும் பழைய சீலைத் துண்டு, அதன்மேல் வாழைமட்டை, அதன்மேல் நார்க்கட்டு. தலையைக் கூட்டுக்குள் இறக்கி, கூடையைத் தூக்கி ஆட்டிக் காதில் வைத்துக் கேட்டாள். ஒரு சத்தமும் இல்லை. பித்தளை மரைகளுக்குத் தென்னம்பாளை வெட்டித் தொப்பி போட்டாள். குழாயை வண்டிச்சக்கர அகலத்துக்கு வட்டம் சுற்றி, ஓலைப்பாயில் பொதிந்தாள். அது செவலையின் முதுகில் மேலாக உட்காரும்.

சட்டைக்கு வந்தாள். மடிப்பு விழாமலிருக்க வைக்கோல் உருளையைச் சுற்றிச் சுருட்டுவதாக யோசனை. விரித்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

ரப்பர் முழுக்க வெள்ளை படிந்திருந்தது. கழுத்தில், மணிக்கட்டில், குழாயின் நெடுக. மாவு மாதிரி.

வெற்றிலைக் கிட்டங்கியில் வெள்ளைப்பொட்டு என்றால் என்ன என்று கேட்டுப் பாருங்கள். ஓர் இலையில் பூஞ்சணம் கண்டால் கூடை போச்சு. கூடையில் கண்டால் வண்டி போச்சு. அந்தக் கூடையைக் கட்டியவளைப் பத்து நாளைக்கு யாரும் ஏறெடுத்துப் பார்க்க மாட்டார்கள்.

"இம்புட்டுப் பேச்சுப் பேசுற மனுசன், பூத்துப்போன சரக்கப் பூட்டி வச்சிருக்காரு," என்றாள். "இத இப்பிடியே கட்டிவிட்டா மழையில மேல போயிச் சேர்றதுக்குள்ள கறையான் தின்ன மாதிரி ஆகிப்போகும். அப்புறம் யாரச் சொல்வாக? கட்டுனவளத்தான."

அது ரப்பர் ஒட்டிக்கொள்ளாமலிருக்கப் பலவேசம் கைப்படத் தூவிய சீமைச்சுண்ணப் பொடி. மூக்கம்மாள் அதை ஓர் அணு விடாமல் துடைத்து எடுத்தாள். துடைத்த பிறகு ரப்பர் வறண்டு தெரிந்தது. கிணற்றில் தண்ணீர் இறைக்கிற கமலைக் கூனையின் தோல்வால் வறண்டு தெரிந்தால் என்ன செய்வோம்? விளக்கெண்ணெய் பூசுவோம். அது மாடு, இது என்ன விலங்கோ, தோல் தோல்தானே என்று, ஓர் உழக்கு விளக்கெண்ணெயை உள்ளங்கையில் ஊற்றி ஊற்றிப் பிறந்த பிள்ளைக்குத் தேய்ப்பதுபோல் தேய்த்தாள். கழுத்து, மணிக்கட்டு, குழாய். எல்லாம் கருநாகம் மாதிரி மின்னின.

அக்கம்மாள் தன் வாசலிலிருந்தே பார்த்தாள். "அடுத்தவன் சட்டைக்கு எண்ணெ தேச்சுக் குளிப்பாட்டுறவள இன்னைக்குத்தான் பாக்கேன். கேட்டியா அவருகிட்ட?"

"பூத்திருந்துச்சு மதினி."

"கேட்டியாங்கறேன்."

"கேட்டாச் சரக்குப் பூத்தது அவருக்கே கேவலம். பேசாம இருங்க."

மூன்றாம் நாள் பொதி ஏறினோம். என் தபால் பையும் கூட. மழை சாட்டையால் அடித்தது. ஏழாவது வளைவில் மயிலைக்குப் பின்கால் வழுக்கி, தலையிருந்த கூடை பாறையில் மோதியது. மலையே ஒரு கோயில் மணியாகி 'டங்' என்றது. ராக்கையா நார்க்கட்டை அவிழ்க்காமல் விரலை மட்டும் உள்ளே விட்டுக் கண்ணாடியைத் தடவினான். மூன்றும் இருந்தன. "எம்பொண்டாட்டி கட்டுனது," என்றான் மாட்டிடம். மாடு காதை ஆட்டியது.

மேலே குளக்கரையில் துரை நின்றார். கூலியாட்கள் அறுபது பேர் நின்றார்கள். பலவேசம் கூடையைப் பிரித்துத் தலையை எடுத்தார், திருப்பிப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. அவர் ஒன்றும் சொல்லாததே நற்சாட்சிப் பத்திரம் என்று ராக்கையா வெற்றிலை ஒன்றை எடுத்து நீவினான். பிறகு அவர் சட்டையைப் பிரித்தார். மூக்கைச் சுளித்தார். கையை வைத்தார். கை வழுக்கியது.

"இது என்ன எளவுலே?"

"விளக்கெண்ணெ. பூஞ்சணம் பிடிச்சிருந்துச்சு, எம்பொண்டாட்டி தொடச்சு எண்ணெ போட்டா."

பலவேசத்தின் முகம் இருண்டது. அவர் பேசியதில் எழுதக்கூடியதை மட்டும் எழுதுகிறேன். "பூஞ்சணமா? அது பவுடர்லே. எண்ணெ பட்ட ரப்பர் வெந்த கத்திரிக்கா மாதிரி ஆயிரும்லே. மேல பாத்தா மினுக்கும், தண்ணி அமுக்குனாப் பிஞ்சிரும். பதினெட்டு வருசம் கடலுக்கடியில கெடந்தேன், ஒருத்தனும் என்னக் கொல்லல. ஒரு வெத்தலக்காரி உழக்கு எண்ணையில கொன்னுட்டாளே."

"பிஞ்சிருக்கா? எங்கன பிஞ்சிருக்கு, காட்டுங்க."

"எறங்குனாத்தாம்லே பியும்."

துரைக்கு விஷயம் மொழிபெயர்க்கப்பட்டது. அவர் மழைக்கோட்டுக்குள்ளிருந்து இரண்டு வார்த்தை சொன்னார். இரண்டு பேர் வந்து மயிலையையும் செவலையையும் அவிழ்த்து எஸ்டேட் லாயத்தில் கட்டினார்கள். சட்டை கெட்டதென்றால் மாடு இரண்டும் எஸ்டேட்டுக்கு.

ராக்கையா லாயத்தைப் பார்த்தான். மாடுகளும் அவனைப் பார்த்தன.

"சட்ட நல்லாத்தான் இருக்கு," என்றான். "மாட்ட அவுத்துவிடச் சொல்லுங்க."

"நல்லாருந்தா நீரு போட்டு எறங்கும் வே. எண்ண தேச்சது ஒம்ம பொஞ்சாதி. எறங்குதது நீரு. அதுதான நாயம்?"

சின்னமனூரில் எல்லோருக்கும் தெரியும், ராக்கையா ஆற்றில் முழங்காலுக்கு மேல் நனையாதவன். சித்திரையில் வீரபாண்டித் திருவிழாவுக்குப் போனாலும் சொம்பில் மொண்டு ஊற்றிக்கொண்டு வருகிறவன். நீச்சல் தெரியாது.

"எறங்கி ஈரமில்லாம வந்தா, மாட்ட ஓட்டிட்டுப் போயிருவேன்," என்றான்.

"ஓட்டிட்டுப் போ."

துரையும் தலையை ஆட்டிவிட்டார். பலவேசம் விளையாட்டுக்குச் சொன்னவர். இப்போது பின்வாங்கினால் அறுபது பேர் பார்க்கிறார்கள்.

நாலு பேர் பிடித்துச் சட்டைக்குள் ராக்கையாவை இறக்கினார்கள். எப்போதும் சோப்புத் தண்ணீர் போட்டு இழுத்தாலும் மணிக்கட்டில் கை நுழையாதாம். விளக்கெண்ணெயில் அவன் கை பாம்பு புற்றுக்குள் போவதுபோல் போனது. தோளில் செம்பு வளையம், நெஞ்சிலும் முதுகிலும் ஈயக்கட்டி, காலில் ஈயச் செருப்பு. பலவேசம் முறுக்கிக்கொண்டே சொன்னார்: "இடுப்புக் கயித்த ஒரு தடவ இழுத்தா, சொகமா இருக்கேன்னு அர்த்தம். நாலு தடவ இழுத்தா, தூக்குன்னு அர்த்தம்."

"இழுக்க மறந்துட்டா?"

"மறந்தா நான் ஒம்ம பொஞ்சாதிக்கு ஆளனுப்புதேன்."

தலையைக் கவிழ்த்து, முன்கண்ணாடியை மூடப்போகும்போது ராக்கையா, "கொஞ்சம் இருங்க," என்று இரண்டு வெற்றிலையையும் ஒரு கொட்டைப்பாக்கையும் புகையிலைத் துண்டையும் என் கையிலிருந்து வாங்கி வாயில் அடக்கிக்கொண்டான். அது இல்லாமல் அவனுக்கு நிதானம் வராது. மரையை முறுக்கினார்கள். இரண்டு பேர் பம்புச் சக்கரத்தைச் சுற்றினார்கள். ராக்கையா ஏணிப்படியில் பின்பக்கமாக இறங்கினான். நெஞ்சு, கழுத்து, செம்பு உச்சி. பிறகு வெறும் குமிழி.

நான் பனைமரம் என்றேன். துரை பதினெட்டு அடி என்றார். துரைமாருக்கு எதையும் குறைத்துச் சொல்லித்தான் பழக்கம்.

கயிறு ஒரு தடவை இழுபட்டது. சற்றுப் பொறுத்து இன்னொரு தடவை. பிறகு அசையவில்லை. குமிழிகள் மடைப்பக்கம் நகர்ந்தன. பலவேசம் இழுத்துக் கேட்டார், பதில் இல்லை. மறுபடி கேட்டார். பம்புச் சக்கரத்தில் நின்ற ஒருவனைத் தள்ளிவிட்டுத் தானே சுற்றினார். "தூக்குங்கலே," என்றார். நாலு பேர் கயிற்றை இழுத்தார்கள்.

ஏணியருகே செம்புத் தலை மேலே வந்தது. முன்கண்ணாடி உள்பக்கம் முழுக்கச் சிவப்பு.

பலவேசம் சேற்றில் உட்கார்ந்துவிட்டார். "எங்க மச்சான் இப்பிடித்தான் வந்தான்," என்றார் யாரிடமோ. "தண்ணி அமுக்குனா ரத்தம் வாய்வழியா வரும்." எழுந்து மரையைக் கழற்றினார். கண்ணாடி திறந்ததும் ராக்கையா தாடையில் மிச்சமிருந்த வெற்றிலைச் சாற்றைக் குளத்தில் பீய்ச்சினான்.

"உள்ள துப்புறதுக்கு எடமில்ல சாமி," என்றான். "ரொம்ப நேரம் அடக்கிப் பாத்தேன்."

அறுபது பேரும் சிரிக்கவில்லை. பலவேசத்தின் முகம் அப்படி இருந்தது.

"கயித்த ஏம்லே இழுக்கல?"

"ரெண்டு கையும் மடைக்குள்ள இருந்துச்சு. பழைய கோணிச்சாக்கோ என்னமோ சுருண்டு அடஞ்சிருக்கு. பாதி உருவிட்டேன். மிச்சத்த நீங்க போயிப் பாருங்க."

பலவேசம் சட்டையைக் கழற்றி, அதன் கால் நுனி வரை கையை விட்டுத் துழாவினார். வியர்வை மட்டும். மணிக்கட்டு ரப்பரை இழுத்தார், இழுபட்டுத் திரும்பியது. குழாயை முழம் முழமாகத் தடவிப் பார்த்தார். "நல்லெண்ணெயா இருந்தா நீ செத்திருப்ப," என்றார் கடைசியாக. "இந்த விளக்கெண்ணெ எந்தத் தரித்திரத்துக்கோ ரப்பர அரிக்கல. ஒம்ம பொஞ்சாதிட்ட சொல்லும், இனி எஞ்சாமானத் தொட்டா வெரல ஒடிப்பேன்னு." பொடி போட்டு, அதே சட்டையில் தானே இறங்கி மிச்சக் கோணியை உருவினார். மடை பாய்ந்தது. மாடுகள் அவிழ்ந்தன.

கீழே வந்ததும் நான் சும்மா இருப்பேனா. பொழுது சாய்வதற்குள் சின்னமனூர் முழுக்க நம்பிவிட்டது. கதை கோம்பைக்குப் போனபோது ஆழம் நாற்பது அடியானது. கம்பம் போய்ச் சேர்ந்தபோது ராக்கையா முதலையைப் பிடித்திருந்தான். அக்கம்மாள் ஒருத்திதான் நம்பவில்லை.

கிட்டங்கியில் கூடைவரிசை நடுவே நின்று சொன்னாள்: "முழங்காத் தண்ணியில கண்ண மூடுறவன் குளத்துக்குள்ள நடந்தானாம். தபால்காரன் சொல்றான், நீங்களும் கேக்குறீக. நடந்தது என்னன்னு நான் சொல்றேன். இவ எண்ணெயத் தடவிச் சரக்கக் கெடுத்தா. அவன் தொரை கால்ல விழுந்து மாட்ட மீட்டுட்டு வந்திருக்கான். அத மூடுறதுக்கு ஒரு கதை. சரக்கக் கெடுத்த கைய நம்பி இனி எவன் கூடை குடுப்பான்?"

அந்தக் கடைசிக் கேள்வி வேலை செய்தது. கிட்டங்கிக்காரர் மறுநாள் மூக்கம்மாளுக்கு இலை போடவில்லை. "ரெண்டு நாள் போகட்டும் ஆத்தா," என்றார். அதற்கடுத்த நாளும் போடவில்லை. பொதிக்குக் கூப்பிட வருகிற செட்டியாரும் ராக்கையா வாசலைத் தாண்டிப் போனார். மாடு திரும்பி வந்தது, சுமை வரவில்லை.

ராக்கையாவுக்குக் காய்ச்சல். தோள் தூக்க முடியவில்லை. நாலாம் நாள் காலை மூக்கம்மாள் தவிட்டை வறுத்துத் துணியில் முடிந்து ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தாள். அக்கம்மாள் வாசலில் வந்து நின்றாள். பின்னால் கிட்டங்கிப் பெண்கள் ஏழெட்டுப் பேர்.

"நடிக்கிறானா, நெசமாப் படுத்திருக்கானா?"

"உள்ள வந்து பாருங்க மதினி. வெளிய நின்னு பேசுனா ஒங்களுக்கே தொண்ட வலிக்கும்."

அக்கம்மாள் பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக நிலைப்படியைத் தாண்டினாள். ராக்கையா கோவணத்தோடு குப்புறக் கிடந்தான். தோள் இரண்டிலும் வட்டமாகக் கன்றிப்போயிருந்தது, பெரிய சட்டியின் விளிம்பை அழுத்தி எடுத்ததுபோல். அதை அவள் லட்சியம் பண்ணவில்லை. பொதிக்காரன் தோளில் கன்றல் இருக்கும். துணியை விலக்கித் தொடையைப் பார்த்தாள். தொடையிலிருந்து கணுக்கால் வரை, குறுக்கும் நெடுக்குமாக, சிவப்பு நரம்பு நரம்பாகத் தடிப்பு. வெற்றிலையின் பின்பக்கம் மாதிரி.

குனிந்து விரலால் ஒன்றை அழுத்தினாள். சாட்டைத் தடம் தெரியும் அவளுக்கு. கயிற்றுத் தடம் தெரியும். புருஷன் அடித்த தடம் நன்றாகவே தெரியும். இது அதில் எதுவும் இல்லை.

"யாருடா இப்பிடிக் கிள்ளுனது?"

"தண்ணிதான்க்கா," என்றான் ராக்கையா, பாயில் முகத்தை வைத்துக்கொண்டே. "ஆழத்துல நாலா பக்கமும் அமுக்குச்சு. சட்ட மடிஞ்ச எடமெல்லாம் தசையப் பிடிச்சுக்கிச்சு. கத்துனேன். எனக்கே கேக்கல."

அக்கம்மாள் தடிப்புகளை மேலிருந்து கீழ்வரை விரலால் தொடர்ந்தாள். கெண்டைக்காலில் ஒன்று, முழங்காலுக்குப் பின் மூன்று, உட்தொடையில் எண்ணமுடியாமல். மூக்கம்மாளின் கையிலிருந்து தவிட்டு முடிச்சைப் பிடுங்கினாள்.

"ஒத்தடம் குடுக்கிற லட்சணமா இது. சுடவே இல்ல."

அடுப்பில் காட்டிச் சூடாக்கித் தம்பி தொடையில் வைத்தாள். அவன் அலறினான். அவள் எடுக்கவில்லை. அப்படியே வாசல் பக்கம் திரும்பி, எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த பெண்களிடம் சொன்னாள்:

"என்னத்தடி வாயப் பொளந்து பாக்குறீக. கிட்டங்கிக்காரர்ட்டப் போயிச் சொல்லுங்க, நாந்தான் சொன்னேன்னு. இவ எண்ணெ போட்ட சட்ட பிய்யல. இவன் எறங்கித்தான் இருக்கான்."